மெஷ்ஷை சாலிட் ஆக்குவது: ஃப்ரீகேடா, ஃப்யூஷனா, மறுபடி வரைவதா?

கோவையில் பம்ப், மோட்டார் பட்டறைகளுக்கு வரைந்து கொடுப்பவர்களிடம் அடிக்கடி வரும் வேலை இது. பழைய காஸ்டிங் ஒன்றை மேசையில் வைத்து, "டிராயிங் இல்லைங்க, ஸ்கேன் பண்ணி சாலிட் ஆக்கிக் குடுங்க" என்பார்கள். சாலிட் என்றால் உள்ளே நிறைந்த கன உருவமாகக் கணினி எடுத்துக்கொள்ளும் மாடல். ஸ்கேன் பண்ணினால் கிடைப்பதோ எஸ்டிஎல் என்ற மெஷ் கோப்பு. அதில் இருப்பதெல்லாம் முக்கோணங்கள்தான். இது ஓட்டை, இது தட்டைப் பரப்பு என்று அதற்குத் தெரியாது. அளவு மி.மீ.யா இன்ச்சா என்பதைக்கூட அது சொல்லாது.

எனக்குக் கடைசியாக வந்தது ஒரு மோட்டார் எண்ட் கவர், 6204 பேரிங் உட்காருவது. மூன்று வழியிலும் செய்து பார்த்தேன்.

முதலில் ஃப்ரீகேட் என்ற கேட் (கணினியில் வரையும்) மென்பொருள். காசு வேண்டாம். பார்ட் ஒர்க்பெஞ்சில் மெஷ்ஷிலிருந்து ஷேப், அப்புறம் சாலிட், கடைசியாக ரிஃபைன் ஷேப். மெஷ்ஷில் கிழிசல் இல்லையென்றால் சாலிட் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முக்கோணமும் ஒரு முகமாகவே நிற்கும். ரிஃபைன் ஒரே தளத்தில் கிடக்கும் முக்கோணங்களை மட்டும்தான் சேர்க்கும். கேட் மென்பொருளில் வரைந்து எடுத்த எஸ்டிஎல்லுக்கு அது நன்றாக வேலை செய்யும். ஸ்கேனில் தட்டைப் பரப்பே லேசாக அலை அலையாக இருக்கும், அங்கே சேர்க்க ஒன்றும் கிடைக்காது.

வளைவுதான் பெரிய சிக்கல். பேரிங் இடத்தின் விட்டம் 47 மி.மீ. அந்த வட்டம் மெஷ்ஷில் 36 பக்கமாக வந்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் 0.09 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். 47 எச்7 (ஓட்டை எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறி) என்றால் நமக்கு இருக்கும் இடமே 0.025 மி.மீ. அதோடு, மெஷினுக்கு நிரல் எழுதும் கேம் மென்பொருளில் அந்த ஓட்டையைத் தொட்டால் சிலிண்டர் என்று எடுக்காது. போரிங்குக்கு மையம் கிடைக்காது.

ஃப்யூஷன் என்ற இன்னொரு கேட் மென்பொருள் இதில் ஒரு படி மேல். மெஷ்ஷை மாற்ற அதில் உள்ள முறைகளில் ஃபேசட்டட் என்பது ஃப்ரீகேட் செய்யும் அதே வேலைதான். பிரிஸ்மேட்டிக்கில் முகங்களைக் குழு குழுவாகப் பிரித்துக் கொடுத்தால் தளம், சிலிண்டர், கோன் என்று அடையாளம் கண்டு உண்மையான பரப்பாக மாற்றும். இலவச உரிமத்தில் இது கிடைக்காது, சந்தா கட்ட வேண்டும். எண்ட் கவரில் முக்கால்வாசி அழகாக வந்தது. பேரிங் இடம் மட்டும் 46.87 என்று வந்தது. ஸ்கேன் கண்டதைச் சொல்கிறது. தேய்மானமும் பிசிறும் அதில் சேர்ந்தே வரும்.

அதனால் நான் கடைசியில் நின்றது மூன்றாவது வழியில்: மெஷ்ஷை அடியில் வைத்து, குறுக்கு வெட்டு எடுத்து, அதன்மேல் வரைவது. பட்டறை அண்ணன் கேட்டார், "ஏனுங் தம்பி, அதுதான் ஸ்கேன் பண்ணியாச்சில்ல, மறுபடி எதுக்கு வரையறீங்க?" அவருக்குக் காட்டியது பேட்டர்னை (வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மாதிரி உரு) வைத்துத்தான். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். நாம் ஸ்கேன் செய்தது ஏற்கெனவே சுருங்கி, மெஷினிங்கும் முடிந்த பீஸ். பேட்டர்னுக்கு மொத்தத்தையும் பெரிதாக்க வேண்டும், மெஷின் ஓடும் முகங்களில் மட்டும் தனியாக அலவன்ஸ் (கடைந்து எடுப்பதற்கான கூடுதல் கனம்) ஏற்ற வேண்டும். முக்கோணக் குவியலில் முதலாவதைச் செய்யலாம், இரண்டாவதற்குப் படாத பாடு பட வேண்டும். வரைந்த சாலிடில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பேரிங் இடத்துக்கு 47 என்றே அடித்தேன். அந்தக் கவருக்கு அரை நாள் ஆனது.

இம்பெல்லர் வேன் (பம்பில் சுழலும் சக்கரத்தின் இதழ்) மாதிரி முறுக்கிய பரப்புக்கு மட்டும் வரைய உட்கார வேண்டாம். அங்கே ஃப்யூஷனின் ஆர்கானிக் முறை நல்லது, அதற்குத் தனிக் கட்டணம் இருந்தாலும். வேனை அதில் மாற்றி எடுத்துக்கொண்டு, ஹப், போர், கீவேயை மட்டும் கையால் வரைந்து சேருங்கள். ஃபிக்சரில் பீஸ் இடிக்கிறதா என்று பார்க்க மட்டும் சாலிட் வேண்டுமென்றால், ஃப்ரீகேட் தருவதே தாராளம்.