காபியை விட்டொழிப்பதா, மதியத்தோடு நிறுத்துவதா?

மனச்சோர்வு என்று வாயைத் திறந்தாலே "முதலில் காபியை விடு" என்பார்கள். நான் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தேன். ஒன்று, அடியோடு விடுவது. மற்றொன்று, பகல் 12 மணிக்கு மேல் தொடாமல் இருப்பது. இப்போது இரண்டாவதில்தான் நிற்கிறேன்.

அடியோடு விட்டது ஆறே நாள். இரண்டாம் நாள் கண்ணுக்குப் பின்னால் விண்விண் என்று தெறித்தது. ஒரே மின்னஞ்சலை மூன்று தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. காரணமே இல்லாமல் அழுகை முட்டியது. நோய் முற்றிவிட்டது என்றே பயந்தேன். பார்த்தால், அது கஃபீன் விலகல், அதாவது காபியில் உள்ள கஃபீனுக்குப் பழகிய உடம்பு அது கிடைக்காதபோது படும் பாடு. நிறுத்திய ஒரு நாளுக்குள் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், ஒன்பது நாள் வரைகூட இழுக்கும். மனம் சோர்வதும் அதன் அறிகுறிகளில் ஒன்று. ஏற்கெனவே சோர்ந்திருப்பவர் எது நோய், எது விலகல் என்று எப்படிப் பிரிப்பார்? விட்டே தீருவேன் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

சரி, காபியே குற்றவாளியா? 2011இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு 50,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பத்தாண்டுகள் கவனித்தது. தினம் நான்கு கப்போ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் மனச்சோர்வு 20 சதவீதம் குறைவாக இருந்தது. காபி காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தமில்லை. மனம் வாடத் தொடங்கியவர்கள் முன்பே காபியைக் குறைத்திருக்கலாம்.

எனக்கு முடிவு சொன்னது தூக்கம். உடம்பில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். படுக்கப்போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்ததாக 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. நானும் "படுத்ததும் தூங்கிவிடுவேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். ஆனால் விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வரும், அப்புறம் கூரையைப் பார்த்தபடி கிடப்பேன், காலையில் இன்னொரு கப் கூடும். மதியக் கப்பை நிறுத்திய இரண்டு வாரத்தில் அந்த முழிப்பு போனது. மனமும் கொஞ்சம் லேசானது. நான் மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்ததால் முழுப் பெருமையையும் இதற்கே கொடுக்க மாட்டேன்.

படபடப்பும் திடீர் பயமும் உள்ளவர்களுக்கு முழுசாக விடுவதே பொருந்தலாம். அந்த அனுபவம் எனக்கில்லை. மனநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தரும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் காபியைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும்.