வாக்குவம் பிரஸ் என்று சொல்லி ரிங் புளோயரை அனுப்புகிறார்கள்: பாக்கிப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை, திருமங்கலம், மேலூர் பக்கம் மரப்பட்டறை வைத்திருப்பவர்கள் வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்ட வாக்குவம் பிரஸ், அதாவது பைக்குள் இருக்கும் காற்றை இழுத்து அழுத்தும் மெஷின், வாங்கப் பேசிக்கொண்டிருந்தால், பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. பொருளை அடையாளம் காணத் தெரிந்தால் யாரிடமும் ஏமாற வேண்டியதில்லை.

எங்கள் பட்டறைக்குக் கொடுத்த கொட்டேஷனில் "வாக்குவம் பம்ப், 29 இஞ்ச், 8×4 பை, சி.என்.சி. மேஜைக்கும் வெனீருக்கும் ஒரே பம்ப்" என்று இருந்தது. (சி.என்.சி. என்பது கம்ப்யூட்டர் ஓட்டும் கட்டர், 29 இஞ்ச் என்பது வாக்குவத்தின் ஆழம்.) டெமோவில் ஓட்டிக் காட்டியது சின்ன வேன் பம்ப் (உள்ளே தகடுகள் சுழன்று காற்றை இழுக்கும் பம்ப்), ஒன்றரை அடிப் பையில். வாக்குவத்தைக் காட்டும் கேஜின் முள் சட்டென்று ஏறியது. வந்து இறங்கியதோ ரிங் புளோயர், காற்றை நிறைய ஓட்டும், ஆழமாக இழுக்காத மெஷின். கேஜும் இல்லை, "கூரியரில் வரும்" என்றார்கள். கேட்டதற்குக் கிடைத்த பதில்: "இதில் சி.எஃப்.எம். அதிகம் சார், அதனால் இதுதான் நல்லது."

அந்தப் பதில் பாதி உண்மை. ஏமாற்று வேலையே அந்தப் பாதியில்தான் இருக்கிறது. சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்ற கணக்கு. வெனீரை அழுத்துவது அதுவல்ல, எவ்வளவு ஆழமாக இழுக்கிறது என்பது. அந்த ஆழத்தை பாதரச மில்லிமீட்டரில் அல்லது இஞ்சில் பார்க்கிறோம். சி.என்.சி. மேஜையில் எம்.டி.எஃப். (மரத்தூள் நாரை அழுத்திச் செய்த) பலகை வழியாகக் காற்று ஓயாமல் கசியும், அங்கே காற்றின் அளவு வேண்டும். நன்றாக மூடிய பையில் கசிவு கிட்டத்தட்ட கிடையாது, அங்கே ஆழம்தான் வேண்டும்.

நல்ல வேன் பம்ப் பைக்குள் 635 மி.மீ. (25 இஞ்ச்) வரை இழுத்து நிறுத்தும். அப்போது ஒரு சதுர அடி மேல் விழும் எடை சுமார் 800 கிலோ. ஒரு முழு 8×4 ஷீட் மேல் 25 டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். வந்த புளோயரில் நாங்களே கேஜ் வாங்கி மாட்டிப் பார்த்தபோது முள் 120-ல் நின்றுவிட்டது. அதே ஷீட் மேல் 5 டன்கூட இல்லை.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 120-லும் பை பலகையோடு ஒட்டி விறைத்துக்கொள்ளும், சுருக்கமெல்லாம் இழுபடும், கையால் தட்டினால் 'டக்'கென்று கெட்டியாகத்தான் கேட்கும். வெளியே எடுத்து, பசை காய்ந்து, மறுநாள் விரல் நகத்தால் வெனீர் மேல் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால்தான் நடுவில் ஒரு இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். அங்கே பசை பிடிக்கவில்லை. 7×2 அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு மூன்று இடம். 0.5 மி.மீ. தேக்கு வெனீர், அதைப் பிரித்து ஒட்ட வழியில்லை. வெனீரும் பசையும் கூலியும் போயிற்று.

இன்னொரு கேடும் உண்டு. ரிங் புளோயர் தன் வழியாக ஓடும் காற்றால்தான் குளிர்கிறது. மூடிய பையில் மாட்டினால் காற்றே ஓடாது, உடம்பு கொதிக்கும், கடைசியில் மோட்டார் டிரிப் ஆகும். வெளிக்காற்றைக் கொஞ்சம் உள்ளே விடும் ரிலீஃப் வால்வு வைத்தால் புளோயர் பிழைக்கும், அழுத்தம் கூடாது.

அடையாளம் சொல்கிறோம். நத்தை ஓடு மாதிரி வட்டமான அலுமினிய உடல், ஒன்றரை அல்லது இரண்டு இஞ்ச் அகல வாய்கள், ஓடும்போது விசில் போல ஊளை: அது புளோயர். நேம்பிளேட்டில் 150, 200 மில்லிபார் என்று இருக்கும். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழித்துப் பாருங்கள். எண்ணெய் வேன் பம்ப்பில் எண்ணெய் மட்டம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். எண்ணெயில்லாத கார்பன் வேன் பம்ப்பும் உண்டு, அதுவும் 600-க்கு மேல் இழுக்கும், தவறில்லை. ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சின்னப் பம்ப்பைக் கொடுத்தால் ஆழம் கிடைக்கும். ஆனால் பசையின் ஈரம் எண்ணெயில் கலந்து, அது பால் போல வெளுத்துவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேஜை எங்கே வைக்கிறார்கள் என்பதை விடாமல் பாருங்கள். பம்ப் வாயில் வைத்தால் எல்லாப் பையும் நல்ல பைதான். ஹோஸ் சேரும் இடத்தில் பை முதலில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். பம்ப் பக்கம் 680 காட்டும்போதே தூர மூலையில் காற்று சிக்கிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான் அடிப்பலகையில் 3 மி.மீ. ஆழத்தில், ஒரு சாணுக்குள் ஒன்று வீதம் குறுக்கும் நெடுக்குமாகக் காடி எடுக்கிறோம், மேலே வலையும் விரிக்கிறோம். இவை இரண்டும் இல்லாமல் "கம்ப்ளீட் செட்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு வாக்குவம் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். டெலிவரி அன்று, ஹோஸுக்கு எதிர்மூலையில் அதை மாட்டி, காடி எடுத்த பலகையை உள்ளே வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் 600 தாண்ட வேண்டும். மதுரைச் சித்திரை வெயிலில் வெள்ளைப் பசை அதற்கு மேல் காத்திருக்காது. பிறகு வால்வை மூடி பம்ப்பை நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் பையின் தையலோ வாயோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வராது, காற்று உள்ளேதானே போகிறது. காதை வைத்துக் கேளுங்கள், சீறல் தெரியும். நான்-ரிட்டர்ன் வால்வு (பம்ப் நின்றால் காற்று பைக்குள் திரும்பாமல் தடுப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போன நிமிடமே பை தளர்ந்துவிடும்.

கொடைக்கானலில் பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த உயரத்தில் எந்தப் பம்ப் போட்டாலும் கேஜ் சுமார் 590 மி.மீ.க்கு மேல் போகாது, அங்கே இருக்கும் காற்றழுத்தமே அவ்வளவுதான். அங்கே வந்து 29 இஞ்ச் காட்டித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார், அல்லது அவர் கேஜ் பொய் சொல்கிறது.

கொட்டேஷனில் "29 இஞ்ச்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். பம்ப் வகை, மாடல் எண், "பையின் எதிர்மூலையில் 600 மி.மீ., அதைப் பார்த்த பிறகே பாக்கி" என்று எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் "வாக்குவம் மெஷின் 1" என்று போட்டால் பிறகு வாதாட ஒன்றுமிருக்காது. சொந்தப் பிழைப்புக்குத் தொழில் செய்பவர் வாங்கிய மெஷினுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். முதலில் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். நேம்பிளேட், கேஜ் முள் இரண்டையும் ஒரே வீடியோவில் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே புளோயர் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் அதைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். முழு ஷீட்டை சி.என்.சி. மேஜையில் பிடிக்க அது போதும். சின்னத் துண்டுகளை மட்டும் அதை நம்பி வெட்டாதீர்கள். உள்ளங்கை அளவு, 150 சதுர செ.மீ. துண்டின் மேல் அது 25 கிலோகூட அழுத்தாது. கட்டர் பக்கவாட்டில் தள்ளும்போது அதைத் தடுப்பது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு மட்டுமே. பட்டறையில் கம்பரஸர் இருந்தால் பைக்கு ஒரு வெஞ்சுரி (கம்பரஸர் காற்றை வேகமாக ஓட விட்டு வாக்குவம் உண்டாக்கும் சின்னக் கருவி) மாட்டலாம், புதுப் பம்ப்பை விட மலிவு. 600-க்கு மேல் இழுக்கும் மாடலா என்று கேட்டு, அதற்கும் அதே கேஜ், அதே எதிர்மூலை.