பார்பிகன் கண்ணாடித் தோட்டம்: ஆமை பார்க்கப் போகிறவர்களுக்கு

லண்டனில் கியூ தோட்டத்துக்கு அடுத்தபடி பெரிய கண்ணாடித் தோட்டம் இதுதான். பார்பிகன் கலை மையத்தின் நாடக அரங்குக்கு மேலே எழும் கான்கிரீட் கோபுரத்தை மறைக்கக் கட்டி, 1984-ல் திறந்தார்கள். சுமார் 1,500 வகைச் செடிகள். அனுமதி இலவசம், ஆனால் எல்லா நாளும் திறப்பதில்லை. இணையத்தில் நேரம் பதிவு செய்துவிட்டுப் போங்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

செடிகளுக்கு ஐந்துக்கு ஐந்து தாராளமாகக் கொடுக்கலாம். ஆமைகளுக்கு எத்தனை என்பது நீங்கள் போகிற நேரத்தைப் பொறுத்தது.

இந்த ஆமைகள் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய பூங்காவின் குளங்களிலிருந்து வந்தவை. அங்கே மற்ற உயிரினங்களைப் படாத பாடு படுத்தியதால் இங்கே குடியேற்றினார்கள். கோய் மீன்களுக்கு வேறு குளம், சரியான ஏற்பாடு. ஒன்றாக விட்டால் ஆமை மீனின் வாலைக் கடித்துக் குதறிவிடும்.

மந்தாரமான காலையில் போனால் தண்ணீருக்கு மேலே மூக்கு நுனிதான் தெரியும். கண்ணாடியில் நன்றாக வெயில் ஏறிய பிறகு போங்கள். மேட்டில் ஏறி, கழுத்தையும் பின்னங்கால்களையும் முழுக்க நீட்டி, விரலிடைச் சவ்வு விரியக் காயும். குளத்தை ஒட்டிப் போகாதீர்கள். உங்கள் நிழல் மேலே விழுந்தாலே தொப்பென்று தண்ணீருக்குள் போய்விடும்.

இதைப் பார்த்து வீட்டு ஜன்னலோரம் தொட்டி வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. சாதாரணக் கண்ணாடி வெப்பத்தை உள்ளே விடும், வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். அதனால் கண்ணாடிக் கூரைக்குக் கீழே வளரும் ஆமைக்கும் யுவிபி விளக்கு வேண்டும். விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடி மூடி இருக்கக் கூடாது. எரிகிறதே என்று பழைய குழலை விட்டுவைக்காதீர்கள். வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் குறைந்திருக்கும். பல குழல்களை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும்.

லண்டன் குளங்களில் கொண்டுபோய் விடப்பட்ட வளர்ப்பு ஆமைகளில் பெரும்பாலானவை செங்காது ஆமைகள். நம்மூர் வண்ணமீன் கடைகளில் டப்பாவில் விற்பதும் அதேதான். வாங்கும்போது 3 செ.மீ.; வளர்ந்த பெண் ஆமை 25 செ.மீ. தாண்டும், முப்பது வருஷம் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடை செய்துவிட்டது.

குளத்தில் ரொட்டி போடாதீர்கள், தண்ணீர் கெடும். காசு எறிவது அதைவிட மோசம், ஆமை விழுங்கிவிடும். பார்பிகன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வழி சுற்றி வளைக்கும். மையத்துக்குள் நுழைந்ததும் மூன்றாம் தளம் என்று கேட்டுவிடுங்கள்.