கண் வறட்சிக்கு லென்ஸ்: கண்ணீரைக் கடன் வாங்குவதா, தண்ணீரைச் சுமந்து வருவதா?

கண் வறட்சியால் அவதிப்படுகிறவரிடம் போய் “லென்ஸ் போட்டுப் பாருங்களேன்” என்று சொன்னால் முறைப்பார். நியாயம்தான். லென்ஸ் போட்டதால்தான் கண்ணே காய்ந்தது என்று கழற்றி வீசியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சொட்டு மருந்துக்கு அடங்காத கடுமையான வறட்சிக்குக் கண் மருத்துவர்கள் கடைசியில் எடுத்துக் கொடுப்பதும் பல நேரம் ஒரு லென்ஸைத்தான். இரண்டும் உண்மை. ஏனென்றால் இரண்டும் ஒரே பொருள் இல்லை.

கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சுமார் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சாதாரண மென்லென்ஸ் இந்தப் படலத்துக்கு நடுவில்தான் போய் உட்கார்கிறது. லென்ஸுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று இருக்கிற ஈரம் இரண்டாகப் பிரிகிறது. நல்ல கண்ணுக்கு இது தாங்கும். ஏற்கெனவே பற்றாக்குறையில் ஓடுகிற கண்ணுக்கு, இருக்கிற சோற்றில் இன்னொரு இலை போட்ட கதை.

மென்லென்ஸைக் குறை சொல்வதோடு நிறுத்தக் கூடாது. செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961இல் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை வைத்து ஒரு கருவி செய்து அதில் வார்த்தெடுத்த சங்கதி அது. அதன் பிறகு நிறைய மாறிவிட்டது. இப்போதைய சிலிக்கோன் ஹைட்ரோஜெல் (சிலிக்கோன் கலந்த மென்மையான பிளாஸ்டிக்) லென்ஸ்கள் ஆக்சிஜனைத் தாராளமாக விடுகின்றன. லேசான வறட்சிதான், மாலையானால் மட்டும் உறுத்துகிறது என்பவர்கள் மாதக்கணக்கில் வைத்திருக்கும் லென்ஸை விட்டுவிட்டு, அன்றன்றைக்குப் போட்டு எறியும் லென்ஸுக்கு மாறினாலே வித்தியாசம் தெரியலாம். படிவு சேர நேரமில்லை. ஊற வைக்கும் திரவத்தில் இருக்கும் ரசாயனமும் கண்ணுக்குள் போகாது. ஒன்றில் மட்டும் ஏமாற வேண்டாம்: பெட்டியில் ‘நீர்ச்சத்து அதிகம்’ என்று இருந்தால் கண்ணுக்கு ஈரம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. அந்த நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; லென்ஸ் காயக் காய உறுத்தலும் கூடும்.

மென்லென்ஸிலேயே கட்டு லென்ஸ் என்று ஒரு வகை உண்டு. கருவிழியின் மேல்தோல் உரிந்தோ, நூல் நூலாகச் சளி ஒட்டிக்கொண்டோ, கண்ணைச் சிமிட்டினாலே உயிர் போகிறது என்ற நிலையில் மருத்துவர் சில நாட்களுக்குப் போட்டு விடுவது. புண்ணுக்குப் பிளாஸ்திரி மாதிரி. இரவும் பகலும் கண்ணிலேயே இருப்பதால் தொற்று அபாயம் உண்டு; மருத்துவர் பார்வையில் இருக்கும்வரைதான் சரி. நாள்பட்ட வறட்சிக்கு இதையே நம்பி இருக்க முடியாது.

அடுத்தது, கருவிழி மேலேயே மிதக்கும் சின்ன கடின லென்ஸ், 9 அல்லது 10 மில்லிமீட்டர் அகலம். வறண்ட கண்ணில் அதன் விளிம்பு ஒவ்வொரு சிமிட்டலுக்கும் இமையில் உரசும். வறட்சிக்கென்று யாரும் இதைத் தேடிப் போவதில்லை, விடுங்கள்.

அப்புறம் ஸ்கிளீரல் லென்ஸ். இதுவும் கடினமானதுதான், ஆனால் சங்கதியே வேறு. அகலம் 15 மில்லிமீட்டரில் தொடங்கி 20க்கு மேலும் போகும். முதன்முதலில் பார்ப்பவர்கள் “இத்தனை பெரிசையா கண்ணுக்குள் வைப்பது?” என்று பயப்படுவார்கள். உடலிலேயே மிக அதிகமாக வலி உணரும் இடங்களில் ஒன்று கருவிழி. இந்த லென்ஸ் அதைத் தொடுவதே இல்லை. பாலம் போலத் தாண்டிப் போய், உணர்ச்சி குறைந்த வெள்ளைவிழியின் மேல் இறங்குகிறது. நடுவில் இருக்கும் இடைவெளியில் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) நிறைந்திருக்கும், வழக்கமாக 200 மைக்ரானுக்குக் குறையாத ஆழத்தில். 3 எங்கே, 200 எங்கே! மென்லென்ஸ் கண்ணீரைக் கடன் கேட்கிறது. இது தன் தண்ணீரைத் தானே சுமந்து வருகிறது. சிமிட்டும் இமை கருவிழியை உரசுவதும் நின்றுவிடுகிறது.

யோசனை புதிதல்ல. 1880களிலேயே கண்ணாடியில் இப்படிச் செய்தார்கள். ஆக்சிஜன் போகாததால் சில மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. காற்றை விடும் பிளாஸ்டிக்கில் 1980களில் செய்யத் தொடங்கிய பிறகே நாள் முழுக்கப் போடும் பொருளானது. ஷோகிரன் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது), ஸ்டீவன்ஸ்-ஜான்சன் பாதிப்பு (பெரும்பாலும் மருந்து ஒவ்வாமல் தோலும் கண்ணும் புண்ணாவது), எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வரும் வறட்சி போன்றவற்றில் இதனால் மறுபடி வெளிச்சத்தைப் பார்க்க முடிந்தவர்கள் உண்டு.

இதற்குக் கொடுக்கும் விலை தினசரி உழைப்பு. லென்ஸைக் கிண்ணம் போலப் பிடித்து, ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சலைனை விளிம்பு ததும்ப ஊற்ற வேண்டும். முகத்தைத் தரைக்கு நேராகக் கவிழ்த்து, இமைகளை விரித்து, சிந்தாமல் மேலே கொண்டுபோய் ஒட்ட வேண்டும். துளி சிந்தினால் உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிடும், கழற்றி, முதலிலிருந்து. புதிதாகப் போடுபவருக்கு ஒரு கண்ணுக்கே சட்டை முழுக்க நனைந்துவிடும். கழற்றச் சின்ன ரப்பர் உறிஞ்சி தருவார்கள். அதை லென்ஸின் நடுவில் ஒட்டி இழுக்காதீர்கள், விளிம்போரம் ஒட்டி நெம்புங்கள். மதியவாக்கில் சலைனில் கசடு சேர்ந்து பார்வை பனி மூடியது போல ஆவதும் பலருக்கு வரும். கழற்றிப் புதுசாக நிரப்புவதுதான் வழி. குழாய்த் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது; அதிலிருக்கும் அமீபா கருவிழியைப் பிடித்தால் பார்வைக்கே ஆபத்து. போட்டுக்கொண்டே தூங்குவதும் வேண்டாம்.

என் கணக்கு இதுதான். இமையோர எண்ணெய்ச் சுரப்பி அடைத்து, அதனால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறதென்றால், எந்த லென்ஸுக்கும் முன்னால் வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமும். அடைப்பைச் சரி செய்யாமல் ஸ்கிளீரல் போட்டால் லென்ஸின் வெளிப்பக்கம் எண்ணெய் பிசுபிசுத்து மங்கும். கண்ணீர் சுரப்பதே குறைவு என்றால் செயற்கைக் கண்ணீர், கண்ணீர் வடியும் துளையை மூடும் சின்ன அடைப்பான், அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு. இவை லென்ஸுக்குப் போட்டி இல்லை; ஸ்கிளீரல் போட்ட பிறகும் சிலருக்குத் தொடரும். இத்தனைக்கும் கண் அடங்காமல், கருவிழி புண்பட்டுக்கொண்டே இருந்தால் அப்போது ஸ்கிளீரலைத் தயங்காமல் கேளுங்கள். கருவிழி மாற்று அறுவை செய்தவர்கள், கண் அழுத்தத்துக்காக வடிகுழாய் வைத்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சோதனை லென்ஸைப் போட்டுப் பத்து நிமிடத்தில் “நன்றாக இருக்கிறதே” என்று ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள். போட்ட சில மணி நேரத்தில் லென்ஸ் மெல்ல உள்ளே அமிழும், 100 மைக்ரான் அளவுக்குக்கூட. காலையில் போட்டு, வெளியே சுற்றி, திரையைப் பார்த்து, மாலையில் அதே லென்ஸோடு போய் இடைவெளியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.