வீட்டுக் கான்டெஸாவை மீட்க மூன்று வழிகள்: எது யாருக்கு?

நீளமான பானட், அகலமான உடம்பு, பின்சக்கர இழுவை. இந்த மூன்றை வைத்தே கான்டெஸாவுக்கு ‘இந்திய மசில் கார்’ என்று பேர் வந்துவிட்டது. பானட்டைத் திறந்தால் வி8 எதுவும் கிடையாது. 1970களின் பிரிட்டிஷ் வாக்ஸால் காரின் உடலை வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் இது. முதலில் வந்தவற்றில் அம்பாசடரின் அதே 1,489 சிசி இன்ஜின். பிறகு ‘கிளாசிக்’ என்ற பெயரில் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1,817 சிசி பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியரும் வந்தன. கடைசியில் 2.0 லிட்டர் டீசலும் சேர்ந்துகொண்டது.

தாத்தாவோ அப்பாவோ வாங்கிய அந்தக் கார் இன்று ஷெட்டில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது, நல்ல பட்டறையில் விட்டுச் சரிசெய்யலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது என்றால், முன்னால் இருப்பவை மூன்று வழிகள். கடைசி நட்டுவரை கழற்றி, கம்பெனியிலிருந்து வந்ததுபோலவே திரும்பச் சேர்ப்பது ஒன்று. உடலை வைத்துக்கொண்டு பெரிய இன்ஜின், புது கியர்பாக்ஸ், புது பிரேக் என்று மாற்றிவிடுவது இரண்டாவது. காரை ஓடும் நிலையில் வைத்துக்கொண்டே ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செய்வது மூன்றாவது.

பட்டறையில் பேச்சு எப்போதும் இன்ஜினில்தான் தொடங்கும். முடிவு செய்யவேண்டியதோ தகரத்தை வைத்து. இசுசு 1.8 இன்ஜினையே அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் போட்டார்கள் என்பதால் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், வாட்டர் பம்ப் எல்லாம் தேடினால் கிடைக்கும். சம்ப், மவுண்டிங், மானிஃபோல்டு போன்ற வெளிச் சாமான்களை மட்டும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கதவு, ஃபெண்டர், முகப்புக் கிரில், பின்விளக்கு, கண்ணாடி ரப்பர் ஆகியவை அப்படியல்ல. அவை நம் நாட்டில் கான்டெஸாவுக்கு மட்டுமே உரியவை. இன்னொரு கான்டெஸா உடைபட்டால்தான் கிடைக்கும்.

முதலில் தகரம் என்ன சொல்கிறது

கான்டெஸா மோனோகாக் கார். லாரிக்கு இருப்பதுபோலத் தனி சேஸிஸ் கிடையாது. ஃபுளோரும் கதவுக்கு அடியிலுள்ள சில்லும் சேர்ந்துதான் காரின் முதுகெலும்பு. அதனால் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. காரை ஜாக்கியில் தூக்குங்கள். தரைவிரிப்பை முழுதும் உரித்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சில்லை நெடுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) அடைத்த இடம் மரத்தைத் தட்டியதுபோல ‘டொப்’பென்று நிற்கும். அந்த இடத்தில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது, அல்லது ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்கும். பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு: கம்பெனி பெயிண்ட் 100 முதல் 150 மைக்ரான் காட்டும், ஒரு முறை மறுபெயிண்ட் அடித்தது 300 வரை போகும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டி.

பார்க்கவேண்டிய இடங்கள்: முன் ஃபெண்டரின் பின்கீழ் மூலை, முன்கண்ணாடிக்கு அடியில் தண்ணீர் தேங்கும் பள்ளம், கதவுகளின் அடிவிளிம்பு, ஸ்டெப்னிக் குழி, பின்சக்கர வளைவு, சஸ்பென்ஷன் ஆர்ம்கள் உடலோடு சேரும் இடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளைகளை முன்பு யாரோ அண்டர்கோட்டிங் அடித்து அடைத்திருப்பார்கள். பாதித் துரு அங்கிருந்துதான்.

கதவு அடியும் ஃபெண்டர் மூலையும் மட்டும் போயிருந்தால் மூன்று வழிகளும் திறந்தே இருக்கின்றன. இரண்டு பக்கச் சில்லும் ஃபுளோரும் அரித்திருந்தால் மூன்றாவது வழி கிடையாது. அந்தக் காரை ஓட்டவே கூடாது. இரண்டாவது வழியும் முதல் வழியின் தகர வேலையைச் செய்த பிறகே தொடங்க முடியும். பலமில்லாத உடலில் இரண்டு மடங்கு திறனுள்ள இன்ஜினைப் போட்டால், கதவுத் தூணின் மேல்மூலையில் பெயிண்ட் வெடிப்பதில் ஆரம்பித்துக் கண்ணாடி விரிசலில் போய் நிற்கும்.

வழி ஒன்று: முழுக்கக் கழற்றி ஒரிஜினலாக

பட்டறையின் தரம் தெரிவது சில்லை வெட்டும் நாளில். நல்ல டிங்கர் (தகர வேலைக்காரர்) வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பில் குறுக்காகச் சதுரக் குழாயைப் பற்றவைத்து, மூலைக்கு மூலை அளவெடுத்து, அதைத் தகரத்திலேயே எழுதி வைப்பார். ஒரு பக்கத்தை முடித்தபின்தான் மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, பிறகு கதவு எந்தக் கீலிலும் சரியாக உட்காராது. ஃபுளோருக்கும் சில்லுக்கும் 18 கேஜ் சிஆர் ஷீட் (1.2 மிமீ), வெளித்தகரத்துக்கு 20 கேஜ் (0.9 மிமீ) போதும். 0.8 மிமீ கம்பியில் சிஓ2 வெல்டிங். கம்பெனியின் ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் 6 முதல் 8 மிமீ துளையிட்டுப் பிளக் வெல்டிங். கேஸ் வெல்டிங் வேண்டாம். அதன் சூடு பரவி வெளித்தகரம் அலை அலையாக நெளியும்; அந்த நெளிவை மறைக்கப் பட்டி; அந்தப் பட்டி இரண்டு மழைக்காலத்தில் வெடிப்பு.

பழைய பெயிண்டை எடுப்பதிலும் அவசரம் ஆபத்து. ஃபுளோர், சஸ்பென்ஷன் ஆர்ம், அடிப்பாகத்துக்கு மணல்வீச்சு சரி. பானட், கூரை, பூட் மூடி போன்ற அகலத் தட்டைத் தகரத்தில் மணல் வீசினால் மேல்தோல் நீண்டு, தகரம் உப்பிவிடும். திரும்பத் தட்டி எடுக்க முடியாது. அவற்றுக்குக் கெமிக்கல் ரிமூவர், அல்லது பொறுமையாகக் கையால் தேய்ப்பது. வெற்றுத் தகரம் தெரிந்த அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட் ஏறிவிட வேண்டும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் ஒரே இரவில் செம்மண் நிறம் பூத்துவிடும். பட்டி எப்பாக்ஸிக்கு மேல்தான். 2 மிமீக்குமேல் தேவைப்பட்டால் தகரவேலை முடியவில்லை என்று அர்த்தம். பெயிண்டுக்கு 2கே பியூ (ஹார்டனர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன்), பூத்தில் 60 டிகிரியில் அரை மணி நேரச் சூடு. பிரைமர் முழுதாகக் காயுமுன் மேல்கோட் அடித்துவிட்டால் டெலிவரியன்று கண்ணாடிபோல இருக்கும். மூன்று மாதத்தில் தேய்த்த உப்புத்தாள் கோடுகளெல்லாம் மேலே தெரியும்.

இன்ஜின் வேலைக்கு ஒரு விதி போதும்: பிஸ்டன் கையில் வந்தபிறகே லேத்துக்கு பிளாக் போகவேண்டும். 1.8-இன் ஸ்டாண்டர்டு போர் (சிலிண்டர் விட்டம்) 84 மிமீ. “0.50 ஓவர்சைஸ் கிடைக்கும்” என்று கடைக்காரர் சொன்ன வாக்கை நம்பிப் போரிங் போட்டுவிட்டு, கிடைத்தது 1.00 என்றால் மறுபடி போரிங். ஹெட் அலுமினியம், ஒரு தரம் கொதித்த இன்ஜின் என்றால் நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, வளைவு 0.1 மிமீ தாண்டினால் ஃபேஸிங் (முகத்தைச் சமமாகச் சீவுவது). தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். “இன்ஜின் ஹீட் ஆகுது” என்றதும் அதைக் கழற்றி எறிவது நம்மூர் வழக்கம். அதற்குப்பின் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலை அதிகம் குடித்து, ரிங்கைத் தின்னும். உண்மையான காரணம் பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டர்தான்.

1,489 சிசி பழைய இன்ஜின் என்றால் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் பதிக்கச் சொல்லுங்கள். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. ஈயம் இல்லாமல் வார்ப்பிரும்பு சீட் மெல்லத் தேயும். டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருவது அதற்கு அடையாளம்.

இந்த வழியில் பணத்தைவிட நேரத்தைத் தின்பவை அலங்காரச் சாமான்கள். பம்பர் இரும்பு என்பதால் செம்பு, நிக்கல், குரோம் என்று மூன்று அடுக்கு ஏற்றினால் மீண்டுவிடும். கைப்பிடி, எழுத்து முத்திரை போன்ற மசாக் (துத்தநாகக் கலவை) வார்ப்புகள் குழிவிழுந்திருந்தால் பிளேட்டிங் ஒரு வருடத்தில் கொப்புளம் போடும். அதனால் காரைக் கழற்றும் முன்பே கிரில், விளக்கு, ரப்பர் பட்டியலோடு சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளிலும் பழைய உரிமையாளர்களிடமும் தேடத் தொடங்குவது நல்லது. பெயிண்ட் முடிந்த கார் ரப்பருக்காக எட்டு மாதம் காத்திருப்பது சர்வ சாதாரணம்.

வழி இரண்டு: இன்ஜினை மாற்றுவது

ஆசை புரிகிறது. அந்தப் பானட்டுக்குள் ஆறு சிலிண்டர் இன்ஜின் கூட உட்காரும்போல இருக்கும். உட்காரவும் செய்யும். கஷ்டம் அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. கியர்பாக்ஸ் நீளம் மாறுவதால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி, பற்றவைத்து, பேலன்ஸ் செய்யவேண்டும். கியர்பாக்ஸும் டிஃப்பரென்ஷியலும் நிற்கும் கோணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் 70, 80 கிமீ வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு வரும். கிராஸ் ஜாயின்ட் மாற்றி மாற்றிப் போட்டாலும் போகாது. பழைய டிஃப்பரென்ஷியல் புது டார்க்கை (முறுக்கு விசையை)த் தாங்காது. அதை மாற்றினால் டிராக் அகலம், பிரேக், ஹேண்ட்பிரேக் கேபிள் எல்லாம் மாறும். நமது நெரிசலில் பெரிய இன்ஜினுக்குப் பழைய ரேடியேட்டர் போதாது. இத்தனையையும் பார்த்துப் பார்த்துச் செய்யும் பட்டறைகள் உண்டு. ஆனால் ‘இன்ஜின் உட்கார்த்த இவ்வளவு’ என்ற மதிப்பீட்டில் இவை எதுவும் இருக்காது.

சட்டம் இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்சியில் பதிந்துள்ள தயாரிப்பாளர் விவரத்திலிருந்து மாறுபடும் மாற்றங்களுக்குத் தடை போடுகிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்டிஓ அனுமதி இல்லாமல் போட்ட இன்ஜினோடு எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு)ப் போனால் இன்ஜின் எண் ஒத்துவராது. விபத்தென்றால் இன்சூரன்ஸ் நிறுவனம் தேடும் முதல் காரணமும் அதுவே. “இவ்வளவு பேர் ஓட்டுறாங்களே சார்” என்று பட்டறையில் சொல்வார்கள். பிடிபட்டால் நிற்கப்போவது உங்கள் பேர்.

நடுவழி ஒன்று உண்டு. திருப்பிப் போடக்கூடிய, வெளியே தெரியாத மாற்றங்கள்: பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், ஹெட்லைட்டுக்கு ரிலே, எலக்ட்ரிக் ஃபேன், ரேடியல் டயர். எடுத்த பழைய சாமானைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டால் எந்த நாளும் ஒரிஜினலுக்குத் திரும்பலாம். தினசரி ஓட்டப்போகிற குடும்பத்துக்கு இதையே சொல்லத் தோன்றுகிறது.

வழி மூன்று: ஓட்டிக்கொண்டே

சில் நன்றாக இருந்தால் மட்டும். முதல் கட்டம் நிறுத்துவதற்கும் எரிவதைத் தடுப்பதற்கும்: பிரேக் மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ்கள், பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய்கள். இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பரை ஊதவைத்து வெடிக்கச் செய்யும். கார்புரேட்டர் டயஃப்ரம், பம்ப் வால்வு எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாக மாற வேண்டும். எத்தனாலுக்குக் காற்று குறைவாகவே தேவை என்பதால் கலவை மெலியும். பிளக் வெள்ளையாக வெளுத்து, ஏறும்போது திணறினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிப் பாருங்கள். காரை நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்க் காலியாக இருந்தால் ஈரம் சேர்ந்து அடியில் துரு.

இந்த வழியின் குறை, ஒரே வேலையை இரண்டு முறை செய்வது. இந்த வருடம் பெயிண்ட், அடுத்த வருடம் வயரிங் என்றால் புதுப் பெயிண்டில் கீறல் நிச்சயம். பிரேக், வயரிங், இன்ஜின், தகரம், பெயிண்ட், உள்வேலை என்ற வரிசை மாறாமல் இருந்தால் இழப்பு குறையும்.

காகிதமும் கணக்கும்

ஆர்சி இன்னும் தாத்தா பேரில் இருந்தால் காரைத் தொடுவதற்கு முன் படிவம் 31-இல் வாரிசு மாற்றம். நிறம் ஆர்சியில் இருப்பதால் வேறு நிறம் அடித்தால் அதையும் பதியவேண்டும். 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பித்தல். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. பதிவு காலாவதியாகப்போகிற கார் என்றால், கழற்றும் முன் எஃப்சி முடித்துவிடுங்கள். பிரித்துப்போட்ட காரை யாரும் ஆய்வு செய்யமாட்டார்கள், தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வின்டேஜ் பதிவு 50 ஆண்டு ஆனவற்றுக்கு. 1984 கான்டெஸாவுக்கே 2034 ஆகவேண்டும். சேஸிஸ் எண் பொறித்த தகரத்தில் கிரைண்டர் படவே கூடாது என்று டிங்கரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

காரைக் கழற்றாமலேயே ‘முழுசும் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரே தொகை சொல்லும் பட்டறையைவிட, கழற்றிப் பார்க்க மட்டும் தனியாகக் கூலி வாங்கி, பிறகு கட்டம் கட்டமாக மதிப்பீடு தருகிற பட்டறை நம்பகமானது. முதல்வகை, உள்ளே துரு தெரிந்ததும் கூடுதல் பணம் கேட்கும், அல்லது பட்டி போட்டு மூடும். மதிப்பீடு 10 லட்சம் என்றால் 3 லட்சத்தைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் இறங்கவேண்டும். முன்பணம் கால் பங்குக்குமேல் வேண்டாம். ஒவ்வொரு கட்டப் பணமும் புகைப்படம் வந்தபிறகு. பிரைமர் அடிக்கும் முன் வெற்றுத் தகரத்தை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும், அதற்குப்பின் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கழற்றிய நட்டு, கிளிப் எல்லாம் பகுதிவாரியாக எழுதிய பைகளில் இருக்கட்டும். கிரில், முத்திரை, ஸ்டீரியோ, கடிகாரம் போன்றவற்றை வீட்டுக்கே எடுத்துவந்துவிடுங்கள்.

கடைசிப் பத்து சதவீதத்தைத் தண்ணீர்ச் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். தரைவிரிப்பு போடும் முன், கண்ணாடிகளை ஏற்றி, கூரையிலிருந்து ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்து முன்கண்ணாடியின் கீழ்மூலைகளையும் பெடலுக்கு மேலே இருக்கும் தகர இணைப்பையும் பார்க்கட்டும். அங்கே ஒரு சொட்டு வந்தாலும் சீலர் மறுபடி. விரிப்பை ஒட்டியபின் அதே சொட்டு யார் கண்ணுக்கும் படாமல் புது ஃபுளோரில் தேங்கும்.