எடைச்சீட்டுக்கு இஎக்ஸ்ஐ: செம்பனை ஆலைக் கணினிக்கு ஒத்துவருமா?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங், தெலுக் இந்தான் பக்கத்து ஆலைகளில் செம்பனைக் குலை லோரி எடைமேடையில் இரண்டு தடவை ஏறும். குலையோடு ஒரு தடவை, கொட்டிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு தடவை. அதற்கு ஒரு சீட்டு: சீட்டு எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், லோரி எண், குலை தந்தவர் குறி, மொத்த எடை, வெறும் வண்டி எடை, தரம். இதை எக்ஸ்எம்எல்லாக, அதாவது ஒவ்வொரு மதிப்பையும் பெயர்க் குறிகளுக்குள் வைக்கும் எழுத்துக் கோப்பாக, எழுதினால் ஏறத்தாழ 300 பைட் வரும். அதில் உண்மையான தகவல் 80 பைட்கூட இருக்காது. மீதி எல்லாம் திறக்கும் குறி, மூடும் குறி.

அந்தக் கொழுப்பைக் கரைக்க வந்ததுதான் இஎக்ஸ்ஐ (EXI): எக்ஸ்எம்எல்லை எழுத்தாக இல்லாமல் பிட்டுகளாகச் சுருக்கி எழுதும் வடிவம். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2011 மார்ச்சில் இதைத் தரமாக ஏற்றது. 2014 பிப்ரவரியில் இரண்டாம் பதிப்பு வந்தது. மின்சாரக் காரும் சிசிஎஸ் வேகச் சார்ஜரும் பேசிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 15118-2 செய்திகள் இந்த வடிவில்தான் போகின்றன. ஆகவே இது ஆய்வுக்கூடத்துப் பொம்மை இல்லை. இங்கே மதிப்பிடுவது இதன் ஜாவா நூலகமான இஎக்ஸ்ஐஃபிஷியன்ட்டை. சீமென்ஸ் உருவாக்கியது, எம்ஐடி உரிமம், காசு கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: லாபம் நூலகத்தில் இல்லை, ஸ்கீமாவில் இருக்கிறது. எந்தப் புலம், எந்த வரிசையில், எந்த வகை மதிப்போடு வரும் என்று சொல்லும் விதித் தொகுப்புதான் ஸ்கீமா. ஸ்கீமா இல்லாமலும் இஎக்ஸ்ஐ ஓடும். ஆனால் குறிப் பெயர்களை ஒரு தடவையாவது எழுதியாக வேண்டும். மதிப்புகள் எல்லாம் வெறும் எழுத்தாகவே போகும். ஒரு சின்னச் சீட்டில் அதனால் பெரிய மிச்சம் வராது. ஸ்கீமா கொடுத்து, அதிலிருந்து எதுவும் விலகக் கூடாது என்ற கண்டிப்பு முறையையும் போட்டால், அடுத்து வரப்போவது என்ன என்று இரு பக்கமும் முன்னமே தெரிந்திருக்கும். குறிப் பெயருக்கு ஒரு பிட்கூடச் செலவாகாது.

நேரத்தைப் பாருங்கள். தேதி, நேரம், நேரமண்டலம் சேர்த்து எழுத்தில் 25 பைட். இஎக்ஸ்ஐயில் ஆண்டு 2000-லிருந்து எத்தனையாவது என்பதற்கு 9 பிட், மாதமும் நாளும் 9, மணி நிமிடம் நொடி 17, நொடிப் பின்னமும் நேரமண்டலமும் உண்டா இல்லையா என்பதற்கு ஒவ்வொரு பிட், நேரமண்டலத்துக்கு 11. கூட்டினால் 48 பிட், அதாவது 6 பைட். நம் +08:00 எப்போதும் 1408 என்ற எண்ணாகப் பதியும். பைட்டுகளை நேரில் பார்த்துப் பிழை தேடும்போது கைகொடுக்கும் அடையாளம் அது.

எடைதான் பலர் கோட்டைவிடும் இடம். ஸ்கீமாவில் சும்மா முழு எண் என்று விட்டால் 24,380 கிலோவுக்கு 3 பைட்டும், கூட்டலா கழித்தலா என்று காட்ட ஒரு பிட்டும் போகும். ஓர் எண்ணின் வீச்சு 4096 மதிப்புகளுக்குள் இருந்தால்தான் இஎக்ஸ்ஐ அதைக் கச்சிதமான பிட்டுகளில் அடைக்கும். மேடை 10 கிலோ படியில் காட்டுகிறதென்றால் எடையை 10 கிலோ அலகில் எழுதி, வரம்பை 0 முதல் 4095 என்று ஸ்கீமாவிலேயே போடுங்கள். 2438 என்பது 12 பிட்டில் அடங்கிவிடும். 40,950 கிலோவுக்கு மேல் ஏறும் வண்டி வருமானால் இந்த வித்தை வேண்டாம். தரத்தை எழுத்தாக விடாமல் ஐந்து மதிப்புள்ள பட்டியலாகக் கட்டினால் 3 பிட். இப்படி இறுக்கினால் சீட்டு முழுவதும், கோப்பின் தொடக்கத்தில் வரும் ஒரு பைட் தலைப்பையும் சேர்த்து, 30 பைட் சுற்றி நிற்கும்.

தமிழ்ப் பெயர்களுக்குச் சின்ன போனஸ் உண்டு. வழக்கமான எழுத்துக் கோப்பின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு) 3 பைட், இஎக்ஸ்ஐயில் 2. ஒன்பது குறியீடு கொண்ட ‘முனியம்மா’ 27 பைட்டிலிருந்து, நீளத்துக்கான ஒரு பைட்டையும் சேர்த்து, 19-க்கு இறங்கும். அதே கோப்பில், அதே குறிக்குள் அந்தப் பெயர் மறுபடி வந்தால் ஒரு பைட்டும் சில பிட்டும் போதும். மதிப்புகளை அட்டவணையில் நினைவு வைத்துக்கொள்வதே காரணம். ஆனால் அந்த அட்டவணைக்கு இயல்பாக உச்சவரம்பு கிடையாது. மாதக் கணக்கை ஒரே கோப்பாகக் கட்டினால் நினைவகம் வீங்கும். சின்னக் கருவி என்றால் அட்டவணையின் அளவுக்கும் அதில் ஏறும் சொல்லின் நீளத்துக்கும் அமைப்பிலேயே வரம்பு போட்டுவிடுங்கள்.

வேகம் என்று சொல்லி விற்பவர்கள் ஒன்றை மறைப்பார்கள். 300 பைட்டை 30 ஆக்கிவிட்டு, ஒவ்வொரு சீட்டையும் புதிய பாதுகாப்பு இணைப்பில் தோட்ட ஆபீசுக்கு அனுப்பினால் ஒரு பலனும் இல்லை. சான்றிதழ் பரிமாற்றத்துக்கே சில ஆயிரம் பைட் போய்விடும். இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள்; இல்லையென்றால் ஒரு மணி நேரச் சீட்டுகளை ஒரே கோப்பாகக் கட்டுங்கள். இத்தகைய கட்டுக்குத்தான் உள்ளமைந்த அமுக்க முறை பொருந்தும். ஒரே வகை மதிப்புகளை வரிசையாக அடுக்கிவிட்டு ஸிப் கோப்புகளில் உள்ள டிஃப்ளேட் முறையால் அமுக்கும். தனிச் சீட்டுக்கு அதைப் போடாதீர்கள், வீண்.

ஸ்கீமாவை இலக்கணமாக மாற்றும் முதல் வேலை கனமானது. அதைச் சீட்டுக்கு ஒரு தடவை செய்யும்படி நிரலை எழுதினால் சாதாரண எக்ஸ்எம்எல்லைவிட மெதுவாக ஓடும். பிறகு பழி இஎக்ஸ்ஐ மேல் விழும். நிரல் தொடங்கும்போது ஒரு முறை கட்டி, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

இனி உண்மையான ஆபத்து. ஆலையில் ஒரு ஸ்கீமா, தோட்ட ஆபீசில் பழைய ஸ்கீமா. இடையில் ‘விருப்பத்துக்குரிய குறிப்பு’ என்று ஒரே ஒரு புலம் சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு பிட் கூடும். பின்னால் வரும் எல்லாம் ஒரு பிட் தள்ளிப் போகும். சில நேரம் பிழைச் செய்தி வரும். சில நேரம் வராது. எடை மட்டும் வேறாகத் தெரியும், கிராணி (குமாஸ்தா) அதையே நம்பிப் பதிவார். ஆகவே தலைப்பில் ஸ்கீமா அடையாளத்தைப் பதிப்பு எண்ணோடு எழுதுங்கள். கூடுதலாகச் சில பைட்தான். பழைய ஸ்கீமாக்களையும் படிக்கும் பக்கத்தில் வைத்திருங்கள். சோதனைக் காலத்தில் பிட் முறையை விட்டு, ஒவ்வொரு மதிப்பும் பைட் எல்லையில் தொடங்கும் பைட் ஒழுங்கு முறையில் ஓட்டினால் தவறு எங்கே என்று கண்ணால் பார்க்கலாம்.

பணத் தொகையிலும் ஒரு பொறி இருக்கிறது. 845.50 உள்ளே போனால் 845.5 ஆக வெளியே வரும். தசம எண்ணின் கடைசிச் சுழியத்தை இஎக்ஸ்ஐ இயல்பாக வைத்துக்கொள்வதில்லை. கணக்குக்குக் கேடில்லை, ஆனால் கையொப்பமிட்ட ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. பெயர்வெளி முன்னொட்டுகளும் (ஒரு குறி எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று அதன் பெயருக்கு முன்னால் வரும் சொற்கள்) இயல்பாகக் காக்கப்படுவதில்லை. கண்டிப்பு முறையில் அவற்றைக் காக்கவே வழியில்லை. விலையைச் சென் கணக்கில் முழு எண்ணாக, 84550 என்று எழுதினால் சுழியத் தொல்லை தீரும்.

வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னின் மின் இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸ் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம். அங்கே எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்ற இன்னோர் எழுத்து வடிவம் மட்டும்தான். ஓர் ஆவணம் 300 கேபி, ஓர் அனுப்புகை 5 எம்பி, அதில் 100 ஆவணம் என்பது வரம்பு. கையொப்பமிட்ட இன்வாய்சை எழுத்துக் கோப்பாகவே, ஒரு புள்ளிகூட மாறாமல், ஏழு ஆண்டும் வைத்திருங்கள். இடம் போதவில்லையென்றால் ஜிஸிப் அமுக்கம் போதும். அது எதையும் மாற்றாது.

ஸ்கீமாவே இல்லாத, பலர் பல விதமாக அனுப்பும் கோப்புகளானால் எக்ஸ்எம்எல்லைச் சுருக்கும் இன்னொரு வடிவமான ஃபாஸ்ட் இன்ஃபோசெட்டைப் பாருங்கள். ஐடியு-டி எக்ஸ்.891 தரம், பைட் அடிப்படையிலானது. சுருக்கம் குறைவு, தலைவலியும் குறைவு. எடைமேடை நிரலும் ஆபீஸ் நிரலும் வேறு வேறு ஆள் எழுதியவை, ஸ்கீமாவை மாற்றினால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை என்றால், இஎக்ஸ்ஐ வேண்டாம்.