நின்றால் திசை தெரியாது: ஒரு ஜிபிஎஸ் கருவியோடு ஆறு வருடம்

போன வாரம் என் ஜிபிஎஸ் கருவி ரிப்பேர் முடிந்து வீடு வந்தது. ஜாய்ஸ்டிக் அமுங்காமல் போய்விட்டது. காரைக்குடியில் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் கழற்றிச் சுத்தம் செய்து 350 ரூபாய் வாங்கினார்கள். அன்றைக்கே சிங்கப்பூரிலிருந்து அயித்தை மகன் கேட்டான்: "அத்தான், ஜியோகேச்சிங்குக்குத் தனியா ஜிபிஎஸ் வாங்கலாமா, போனே போதுமா?" ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை, அது இருக்கும் இடத்தின் எண்களை வைத்து ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்கிற விளையாட்டுதான் ஜியோகேச்சிங்.

கருவியின் விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன். இதற்குள் காந்தத் திசைகாட்டி இல்லை. நாம் நகர்கிற பாதையை வைத்துத்தான் இது திசையைக் கணக்கிடுகிறது. நடந்தால், போக வேண்டிய பக்கத்தைத் திரையில் காட்டும் அம்பு சரியாக இருக்கும், நின்றால் தன் போக்கில் சுற்றும். தார்ச்சாலையில் இது ஒரு குறையே இல்லை. ஆனால் தேவகோட்டை போகிற வழியில், சங்கரபதிக் கோட்டையைச் சுற்றிய காட்டுக்குள் நுழைந்தால்தான் தெரியும். மருது சகோதரர்களோடு சேர்த்துப் பேசப்படும் அந்தக் கோட்டை இடிந்து, சுவரிலேயே ஆலமரம் வேர்விட்டு நிற்கிறது. அந்தப் பக்கம் பத்தடி நேராக நடக்க முடியாது. இரண்டு எட்டு வைத்தால் முள் வேட்டியைப் பிடிக்கும். எடுத்துவிட நின்றால், அதற்குள் அம்பு வேறு பக்கம் திரும்பியிருக்கும். கொஞ்சம் விலை கூடின மாடலில் திசைகாட்டி உண்டு. காட்டில் நடப்பவர்களுக்கென்று விற்கிற பொருளில் அதை எடுத்துவிட்டு விற்கலாமா? ஆறு வருடம் ஆகியும் கோபம் தணியவில்லை.

மரத்தடியில் இடக் கணக்கு பிசகுவதைக் கருவியின் தலையில் கட்டக் கூடாது. திறந்த பொட்டலில் சில மீட்டர் பிசகில்தான் இடத்தைக் காட்டுகிறது. அடர்ந்த இலைக்குக் கீழே, சுவருக்குப் பக்கத்தில், சிக்னல் தடைபட்டுத் தெறித்து வருவதால் பத்து மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகும். போனிலும் இதே கதைதான். 2000 மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. அடுத்த நாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் அங்கே ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்தார். இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது. அந்தப் பிழை நீடித்திருந்தால் நூறு மீட்டர் சுற்றளவில் தேட வேண்டியிருக்கும், பத்து மீட்டருக்கு முகம் சுளிப்பது நியாயமில்லை.

கோட்டைக்குள் நான் எதையும் ஒளித்துவைத்ததில்லை. பழைய சுவரில் பொந்து தேடி டப்பாவைச் செருகுவது அந்தச் சுவருக்குச் செய்கிற கேடு. சாமி காட்டிலும் வைப்பதில்லை, அங்கே குச்சிகூட ஒடிக்காத ஊர் எங்களுடையது. மாமாவின் தோப்பில் அவரைக் கேட்டுவிட்டு மூன்று டப்பா வைத்திருக்கிறேன். எதையும் மண்ணைத் தோண்டிப் புதைக்கவில்லை. உள்ளே நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், ஐப்பசி மழையில் மை கரைந்துவிடும்.

அந்தத் தோப்பில்தான் என் மகள் இந்தக் குறைக்கு மருந்து கண்டுபிடித்தாள். அவள் அம்பைப் பார்ப்பதே இல்லை. இடத்தைச் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் பார்க்கிறாள். பாகை, நிமிடம், அதில் மூன்று தசம இலக்கம். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் ஏறக்குறைய 1.8 மீட்டர். முதலில் வெட்டவெளியில் நின்று, டப்பா இருக்கும் பக்கத்துக்குக் கருவி சொல்லும் கோணத்தை (இருக்கும் இடத்தை வைத்துப் போடுகிற கணக்கு, நின்றாலும் மாறாது) சாதாரணத் திசைகாட்டியில் பிடித்து, அந்த நேரில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்வாள். பிறகு தோப்பின் வேறு பக்கம் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இலுப்பை மரம், வேரிடுக்கில் டப்பா. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தபோது, அம்பு சரியாக இருந்திருந்தால் இதைக் கற்றிருக்கவே மாட்டாள் என்று தோன்றியது.

சித்திரை வெயிலில் போன் திரை மங்கி, சூடாகி, தானே அணைந்துபோகும். இதன் திரை வெயில் ஏற ஏறத் தெளிவாகிறது. ரிமோட்டில் போடுகிற சின்ன பேட்டரியைவிட ஒரு அளவு பெரியதில் இரண்டு போட்டால் ஒரு நாள் முழுக்கத் தாங்கும், தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். ஒருமுறை ஊருணியில் விழுந்தும் பிழைத்துக்கொண்டது.

இவ்வளவு சொன்ன பிறகும், தம்பி, இந்த மாடலை நீ வாங்காதே. திசைகாட்டி உள்ளது எது என்று பார்த்து வாங்கு. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் ரகத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதே. அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருந்தால் சட்டச் சிக்கல். என்னுடையதை விலைக்குக் கேட்காதே, கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போகிறோம், மகள் புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறாள்.